பதினாலாம் கட்டம்

படிவத்தை டைப் அடித்த அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தட்சிணாமூர்த்தி இருந்தார், சர்க்காரின் பென்ஷன் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து, செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். அவர் மனைவி காமாக்ஷி இருந்தாள். காமாக்ஷியின் தம்பி ஜம்பு, சரோஜினி நகரிலிருந்து ஆட்டோவில் டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்காரர் வெங்கடராமன் இருந்தார். ஒரு காலத்தில் தட்சிணாமூர்த்தியிடம் குமாஸ்தாவாக வேலை பழகியவர். அவர் மனைவி ருக்மிணி காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். அவர்களுடைய மூன்று வயதுப் பெண் மேஜைக்கு அடியில் கார்பன் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த ஐவரில் வெங்கடராமனும் ருக்மிணியும் மட்டும் அப்போது காய்கறி வாங்கப் போயிருந்தால், நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஆனால் வீடு அவர்களுடையது. லக்ஷ்மிபாய் நகரில் வெங்கடராமனுக்குச் சர்க்கார் ஒதுக்கிய இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றதும் தன் குவார்ட்டர்ஸைக் காலி செய்த தட்சிணாமூர்த்தி, கனடாவிலிருந்து மகன் வைத்தி கூப்பிட்டிருக்கிறான், நாலு மாதத்தில் விசா வந்துவிடும் என்று சொல்லி, அதில் ஓர் அறைக்குக் குடிவந்தார். சர்க்கார் வீட்டை உள்வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி. எனவே வாடகை என்ற சொல்லை இரண்டு பக்கத்திலும் யாரும் உச்சரிக்கவில்லை. தட்சிணாமூர்த்தி விருந்தாளி. மாதம் பிறந்தால் விருந்தாளி ஒரு கவரை மேஜைமேல் மறந்துவிட்டுப் போவார்.

பதின்மூன்று கட்டங்களும் தடையில்லாமல் ஓடின. பதினாலாம் கட்டத்தில் பிள்ளைகளின் விவரம்: பெயர், பிறந்த தேதி, மணமானவரா ஆகாதவரா. வைத்தியநாதன் என்று அடித்து, தேதியையும் அடித்துவிட்டு ஜம்பு நின்றான். விரல் விசைமேல் தொங்கியது. அக்காவைப் பார்த்தான். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா மென்னு முழுங்கறே? அன்மேரீட்னு அடி," என்றார் தட்சிணாமூர்த்தி.

"அத்திம்பேர்..."

"அடின்னா அடியேன்."

டைப்ரைட்டர் அடித்தது. நிலைப்படியிலிருந்து ருக்மிணி சொன்னாள்: "ஏன் மாமா, வைத்திக்கு முப்பது தாண்டியிருக்குமே. எங்க அத்தங்கா பொண்ணு ஒருத்தி மந்திர் மார்க் ஸ்கூல்ல டீச்சரா இருக்கா. ஜாதகம் வாங்கட்டுமா?"

"வாங்கி வையேன்மா. அங்கே போனப்புறம் பேசிக்கலாம்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. காமாக்ஷி காபியை அப்படியே கீழே வைத்தாள்.

வைத்திக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம். மனைவி டொராண்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏலியம்மா என்று பெயர். கோட்டயத்துக் கிறிஸ்தவப் பெண். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போட்டோவும் அனுப்பியிருந்தான். தட்சிணாமூர்த்தி அதற்கு ஒரே வரியில் பதில் எழுதினார்: உன் கடிதம் கிடைத்தது. ஆபீசில் கிடைக்கும் தபாலுக்கு எழுதும் அதே வரி. போட்டோவைக் கவருக்குள் போட்டு, கவரைப் பெட்டியின் அடியில் வைத்தார். கிழிக்கவில்லை. கிழித்தால் அப்படி ஒன்று வந்தது என்று ஒத்துக்கொண்டதாகும். விஷயம் தெரிந்தது காமாக்ஷிக்கும் ஜம்புவுக்கும் மட்டும்.

ஜம்பு போனபிறகு அறைக்குள் காமாக்ஷி கேட்டாள்: "ஏன்னா, அது சர்க்கார் காகிதமாச்சே. அவனும் அங்கே எழுதிக் குடுத்திருப்பானே?"

"அவன் எழுதினா அது அவன் பாடு. அக்கினி உண்டா, சப்தபதி உண்டா? ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டா கல்யாணமா? ஆகாததை ஆகலைன்னு எழுதினா அதுல பொய் எங்கே வந்தது?"

"அப்போ ருக்மிணி இல்லாட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேளா?"

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். கூடத்தில் வெங்கடராமன் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். தன்னிடம் விடுப்புக்குக் கைகட்டி நின்றவன் வீட்டில், அவன் மனைவியின் காதில் விழும்படி, என் மகன் ஒரு நர்ஸோடு போய்விட்டான் என்று சொல்வதா? நாலு தலைமுறையாக வேதம் சொன்ன குடும்பம். டில்லியில் அவர் ஒருவர்தான் அதன் முகம்.

படிவம் போய்ச் சேர்ந்தது. கோப்பு எண் ஒன்று வந்தது. அந்தச் சீட்டைத் தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்தார். பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை, கஞ்சி போட்ட வேட்டியை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போன அதே பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் சாணக்கியபுரிக்குப் போவார். கனடாத் தூதரக வாசலில் ஜலந்தரிலிருந்தும் ஹோஷியார்பூரிலிருந்தும் வந்தவர்கள் மூட்டையும் முடிச்சுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் உட்காரமாட்டார். முறை வரும்வரை நிற்பார். ஜன்னலில் ஒரு பஞ்சாபிப் பெண்.

"பாபுஜி, ஃபைல் நம்பர்?"

சீட்டை எடுக்காமலே ஒப்பிப்பார். அவள் ஒரு பெட்டியில் அட்டைகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பாள். அவரும் தலையசைத்துத் திரும்புவார். அடுத்த நாள் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். 'எனது முந்தைய கடிதத்தின்மேல் தங்கள் கனிவான கவனத்தை ஈர்க்கிறேன்.' வருஷக்கணக்கில் அந்த வரி அவருடைய மேஜைக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு எத்தனை கோப்புகளை ஓர் அங்குலமாவது நகர்த்தினோம் என்று அவர் யோசித்ததில்லை.

ஜூன் மாதம் மருத்துவப் பரிசோதனை நடந்தது. காமாக்ஷி எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை விட்டுவிட்டாள், படம் கலங்கிவிட்டது, இன்னொரு நாள் வரச்சொல்லி மறுபடி எடுத்தார்கள். பாத்திரம் தேய்க்க வரும் கோவிந்தம்மாள், "ஏம்மா, மறுக்கா எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள். "மூச்சு விட்டுட்டேன்டி" என்று காமாக்ஷி சிரித்தாள். கோவிந்தம்மாளுக்கு அந்தத் தெருவில் ஒன்பது வீட்டில் வேலை.

காமாக்ஷி மகனைப் பார்த்து ஏழு வருஷமாகியிருந்தது. இரண்டு டிரங்குப் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. ஒன்றில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய அப்பளமும் வடாமும் புளியும். மாதம் ஒருமுறை அப்பளத்தை வெளியே எடுத்து வெயிலில் காட்டித் திரும்ப அடுக்குவாள். கோடைக்குப்பின் வைத்தியிடமிருந்து கடிதம் நின்றது. "தபால்காரன் ஸ்ட்ரைக்கா என்ன?" என்பாள். "அங்கே இருக்கும்" என்பார்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை அந்தப் பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "உள்ளே போங்கள், மூணாம் நம்பர்" என்றாள்.

மூணாம் நம்பர் அறையில் வெள்ளைக்காரர் ஒருவர், வைத்தி வயதுதான் இருக்கும், எழுந்து கைகொடுத்து உட்காரச் சொன்னார். இந்தத் தடவை தட்சிணாமூர்த்தி உட்கார்ந்தார்.

"உங்கள் இருவர் உடம்பிலும் ஒரு குறையும் இல்லை. அறிக்கைகள் எல்லாம் சரி. ஆனால் கோப்பை மூடிவிட்டோம். உங்களுக்கு எழுதிய கடிதம் இன்னும் வரவில்லையா?"

"வரவில்லை. எதற்காக மூடினீர்கள்?"

அதிகாரி இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று ஜம்பு அடித்த படிவம். மற்றது வைத்தி அங்கே கொடுத்தது. அதில் மனைவி பெயர் இருந்தது. பெற்றோரை வரவழைத்துப் பத்து வருஷம் தாங்குவோம் என்ற உறுதிமொழியில் இரண்டு கையெழுத்துகள், இரண்டாவது ஏலியம்மாவுடையது. அவள் சம்பளத்தையும் சேர்த்தால்தான் வைத்திக்கு அந்தத் தகுதியே வரும் என்றார் அதிகாரி.

"நீங்கள் ஆகவில்லை என்கிறீர்கள், அவர் ஆகிவிட்டது என்கிறார். எது உண்மை என்று அவருக்கு எழுதினோம். கல்யாணப் பத்திரமும் குழந்தையின் பிறப்புச் சான்றும் அனுப்பினார். ஆகஸ்டில் பிறந்த மகன். கூடவே இது."

வைத்தியின் ஆங்கிலம் அப்பா கற்றுக்கொடுத்த ஆங்கிலம். அலங்காரம் கிடையாது. 'இந்த உறுதிமொழியில் என் மனைவியும் கையெழுத்திட்டிருக்கிறாள். அவள் என்று ஒருத்தியே இல்லை என்று எழுதிக்கொடுத்தவர்களைத் தாங்கும்படி அவளிடம் இன்னொரு முறை கேட்க என்னால் இயலாது. மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.'

கோப்பின் மேல் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: விவரங்களில் முரண்பாடு. தட்சிணாமூர்த்திக்கு அந்தச் சொல்லைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் நாட்களில் குஞ்சம்மாள் என்று ஒரு பியூன் மனைவி, விதவை. புருஷனின் பணிப்பதிவேட்டில் செத்துப்போன மூத்தாள் பெயரே நின்றுவிட்டது. முரண்பாட்டைச் சரிசெய்து அனுப்பவும் என்று மூன்று முறை அவள் பென்ஷன் மனுவைத் திருப்பினார். நாலாம் முறை மனு வரவில்லை. அது ஒழுங்கு என்று அவர் அன்று நம்பினார். அவரிடம் குறிப்பெழுதிக் கொண்டுவந்தவன் வெங்கடராமன்.

வீட்டுக்கு வந்தபோது காமாக்ஷி அறையில் இருந்தாள். ருக்மிணி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா மாமா?"

பஸ்ஸில் வரும்போது அவர் எல்லாச் சொல்லையும் எடைபோட்டுப் பார்த்திருந்தார். யார்மேலும் குற்றம் சாயாத சொல் ஒன்று வேண்டும்.

"மெடிக்கல்ல ஏதோ நிக்கறதாம்."

சொல்லுக்கு யார்மேலும் சாயாமல் நிற்கத் தெரியாது. இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான். அது நேரே போய் அவள்மேல் உட்கார்ந்தது. ருக்மிணியின் கை கீரையில் நின்றது.

"மாமிக்கா?"

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இல்லை என்று சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த வாரம் காமாக்ஷியின் டம்ளருக்கு அடியில் ருக்மிணி நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்த டம்ளர் தனியாக, ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து இருந்தது. மாமி மடியை விட்டு இறங்காத குழந்தையை ருக்மிணி, "இதர் ஆவோ, ஜல்தி" என்று இந்தியில் கூப்பிட்டாள். தமிழில் கூப்பிட அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். கோவிந்தம்மாளுக்குக் கூச்சம் இல்லை.

"மாமி, உன் தட்ட நீயே கழுவிக்க. தப்பா எடுத்துக்காத. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

"அப்படியே செய்யறேன்டி," என்றாள் காமாக்ஷி.

இருமல் இல்லாதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசப் பழகினாள். சமையலறைக்குப் போவதை நிறுத்தினாள். ஒருநாள் மத்தியானம் அப்பளப் பெட்டியைப் பூட்டிவிட்டு அவரிடம் வந்து நின்றாள்.

"ஏன்னா, என்னாலதானே நீங்களும் போக முடியாம ஆச்சு? நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்கோளேன். குழந்தையை ஒருதரம் கண்ணால பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ."

வைத்தியை அவள் இன்னும் குழந்தை என்றுதான் சொல்வாள். தட்சிணாமூர்த்தி செய்தித்தாளை மடித்தார்.

"பார்ப்போம். இன்னும் பதில் வரலையே."

பதில் வந்திருந்தது. தபால்காரனிடம் வாசலிலேயே வாங்கி, போட்டோ இருந்த கவருக்குக் கீழே வைத்திருந்தார். இருந்தாலும் புதன்கிழமை தவறாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மூடின கோப்பை எந்த ஜன்னலில் விசாரிப்பது? சாணக்கியபுரிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, பூங்கா பெஞ்சில் பன்னிரண்டு மணிவரை முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து, "பார்த்துண்டிருக்காளாம்" என்பார். காமாக்ஷி பொட்டு வைத்த டம்ளரில் மோர் குடித்துக்கொண்டே, "பாவம், குளிர்ல அலையறேள்" என்பாள்.

ஜனவரி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே ஐந்து பேர் அதே கூடத்தில் கூடினார்கள். ஜம்பு இந்தத் தடவை டைப்ரைட்டர் கொண்டுவரவில்லை. சட்டைப் பையில் ஒரு சிபாரிசுக் கடிதம் வைத்திருந்தான். வாசலில் ஆட்டோ காத்திருந்தது.

"அத்திம்பேர், எங்க ஆபீஸ் ஜோதிலிங்கம் மூலமா மெஹ்ரோலி டி.பி. ஆஸ்பத்திரியில அக்காவுக்கு ஒரு பெட் சொல்லியிருக்கேன். இன்னிக்கே சேர்த்துக்கறாளாம். இப்பல்லாம் ஆறு மாச வைத்தியத்துல சரியாயிடறதாம்."

வெங்கடராமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்பா நினைக்கப்படாது சார். சின்னக் குழந்தை இருக்கற வீடு. ருக்மிணிக்குத்தான் மனசு கேக்கலை."

"என்னை எதுக்கு இழுக்கறேள்? நீங்களும்தானே சொன்னேள்," என்றாள் ருக்மிணி.

காமாக்ஷி ஒரு துணிப்பையோடு அறையிலிருந்து வந்தாள். இரண்டு புடவை, ஒரு சொம்பு, அந்த டம்ளர். நமஸ்காரம் செய்ய வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல், தொடாத தூரத்தில் நின்று, "வரட்டுமா?" என்றாள்.

தட்சிணாமூர்த்தி எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடிக்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் இல்லை. எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. அந்த ஆபீசர் வாயால சொன்னான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"விசாவை யாரும் மறுக்கலை. வைத்தி மனுவைத் திருப்பி வாங்கிண்டுட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டரை வருஷம் ஆறது. பொண்ணு பேர் ஏலியம்மா. கோட்டயம். கிறிஸ்தவா. நர்ஸா இருக்கா. அவ இருக்கறதை நான் இல்லைன்னு எழுதினேன். அதான் அவன் திருப்பி வாங்கிண்டான்."

கூடத்தில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. வெங்கடராமனுக்கு அவமானமோ ஆச்சரியமோ வருவதற்கு முன்னால் பழைய தொழில் முந்திக்கொண்டது.

"அப்போ அன்னிக்குப் பதினாலாம் கட்டத்துல..." என்றார். "முரண்பாடு."

"ஆமாம்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?" இது காமாக்ஷி.

"நவம்பர்ல."

அவள் விரல்விட்டு எண்ணினாள். அவ்வளவு பேர் நடுவில், மெதுவாக.

"இன்னும் என்ன சொன்னா அங்கே?"

"குழந்தை பொறந்திருக்கு. ஆகஸ்ட்ல."

"என்ன குழந்தை?"

"ஆண்."

"பேர் என்ன வச்சிருக்காளாம்?"

"தெரியாது. காகிதத்துல இருந்தது. நான் பார்க்கலை."

"பார்க்கலையா," என்றாள் காமாக்ஷி. முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அதன்பின் அதை அவள் அங்கே வைக்கவில்லை.

ருக்மிணி அடியெடுத்து வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கப் போனாள். "மாமி, மன்னிச்சுடுங்கோ. உள்ளே வாங்கோ. நான் காபி கலக்கறேன்."

"உன்மேல ஒண்ணும் இல்லைடி ருக்மிணி. குழந்தை இருக்கற வீட்டுல நானா இருந்தாலும் பொட்டு வச்சிருப்பேன்." பையை விடவில்லை. "ஜம்பு, ஆட்டோவை அனுப்பிடாதே."

"ஆஸ்பத்திரிதான் வேண்டாமேக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு யார் போறா? உங்காத்துக்குப் போறேன்."

"காமாக்ஷி," என்றார் தட்சிணாமூர்த்தி. கட்டளை போலத்தான் வந்தது. வேறு மாதிரிக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை.

அவள் நிலைப்படியில் திரும்பினாள். "நாட்டுப்பொண்ணை இல்லைன்னு எழுதினேள். அது உங்க குடும்ப மானம், போகட்டும். என்னை வியாதிக்காரின்னு நாலு பேர் நினைக்கட்டும்னு விட்டேள், அதையும் பொறுத்துண்டுடுவேன். ரெண்டு மாசமா எதிர உக்காந்து என் டம்ளரைப் பார்த்துண்டே காபி குடிச்சேளே. எப்படி இறங்கித்து உங்களுக்கு?"

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. டம்ளரைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல், ஜம்பு அன்று டைப் அடித்த இடத்தில், வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே காமாக்ஷி மகனுக்குக் கடிதம் எழுதினாள். கோடையில் வைத்தி மறுபடியும் மனுப் போட்டான். அவனும் ஏலியம்மாவும் கையெழுத்திட்டு, அம்மா ஒருத்திக்கு மட்டும். டில்லியில் கொடுக்கவேண்டிய படிவத்தை ஜம்பு அடித்தான். பதினாலாம் கட்டத்தில் அக்கா சொல்லச் சொல்ல மருமகள் பெயரையும் பேரன் பெயரையும் போட்டான். இதையெல்லாம் தட்சிணாமூர்த்தி வெங்கடராமன் மூலமாகத்தான் தெரிந்துகொண்டார். பேரன் பெயரை வெங்கடராமன் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு சாணக்கியபுரிக்குப் போனார். இம்முறை பூங்காவில் இறங்கவில்லை. ஜன்னலில் அதே பெண்.

"பாபுஜி, ஃபைல் நம்பர்?"

"என் மனைவியின் மனு. எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவேண்டும்."

"நம்பர் சொல்லுங்கள்."

"நம்பர் இல்லை. பெயர் காமாக்ஷி. நான் புருஷன்."

அவள் சிரமப்பட்டு அட்டைகளைத் தள்ளினாள். ஓர் அட்டையை எடுத்துப் படித்தாள். பிறகு இரக்கத்தோடுதான் சொன்னாள்: "மனுதாரர் நம்பர் கொடுத்து அனுப்பினால்தான் சொல்லலாம். அடுத்தவர் விவரத்தை நாங்கள் வெளியாருக்குச் சொல்வதில்லை."

அது சரியான விதி. அவராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தலையசைத்துவிட்டு நிமிர்ந்து வெளியே வந்தார்.

தட்சிணாமூர்த்தி சாரின் மனைவிக்குக் காசநோய் முற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் மெஹ்ரோலிக்குக் கொண்டுபோனார்கள், அவள் திரும்பி வரவில்லை என்று லக்ஷ்மிபாய் நகரில் இன்னும் சொல்கிறார்கள். அந்த ஆட்டோ போனது சரோஜினி நகருக்கு, அவள் தம்பி வீட்டுக்கு. அவள் நுரையீரலில் எந்தக் காலத்திலும் எந்தப் புள்ளியும் இருந்ததில்லை.